அந்த ஆள் உனக்கு என்ன முறை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பற்றியவை. நீல் பியர்ட். கனடாவின் ரஷ் இசைக்குழுவுக்கு ட்ரம்ஸ் அடித்தவர், அவர்களுடைய பாட்டுகளுக்கு வரிகள் எழுதியவரும் அவர்தான். 2020 ஜனவரி 7ஆம் திகதி, 67 வயதில், கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்காவில் காலமானார். ஜனவரி வந்தால் உலகம் முழுக்க அவருடைய ரசிகர்கள் கூடிக் கதைப்பார்கள், அந்தக் கூட்டத்தில் திருகோணமலையும் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான். ராகம் பற்றியும் பழைய பொப் பாட்டுகள் பற்றியும் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் வருகிறேன்.

கேள்வி: அண்ணை, நானும் இரண்டு கூட்டாளிகளும் ரஷ் பைத்தியங்கள். ஜனவரி 7 இரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து பாட்டுக் கேட்டோம், ஒருத்தன் அழுதே விட்டான். வீட்டில் ஒரே பகிடி. "அந்த ஆள் உனக்கு என்ன முறை, மாமனா மச்சானா?" என்று அப்பா கேட்கிறார். நாங்கள் ரசிகர்களாகிய நேரத்தில் அந்த மனுசன் மேடையை விட்டே போய்விட்டார். நேரில் பார்க்காத ஒருவருக்காக அழக் கூடாதா?
– ஒரு வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, அப்பாவிடம் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று. கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்ட மனுசன். கோயில் வீதி மணலில் விடிய விடியக் குந்தியிருந்து அவருடைய தனியாவர்த்தனத்தைக் கேட்ட சனத்துக்கு அவர் என்ன முறை? ஒரு முறையும் இல்லை. ஆனாலும் அவர் பெயரை எடுத்தால் இன்றைக்கும் வயதானவர்களின் குரல் மாறிவிடும், அதை ஒருவரும் பைத்தியம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது நம்முடைய ஆள், நம்முடைய வாத்தியம். உங்களுடைய ஆள் ஒன்ராறியோவில் பிறந்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாடகர் இறந்தால் குரல் போய்விட்டது என்று எல்லாருக்கும் விளங்கும், ட்ரம்மர் போனால் ரசிகர் அல்லாதவர்களுக்கு அது விளங்குவது கஷ்டம். பியர்ட் விஷயத்தில் நடந்தது என்னவென்றால், அவர் மேடையில் மனதுக்குத் தோன்றியபடி அடிக்கிறவர் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் தன் அடிகளை முன்கூட்டியே இழைத்து இழைத்து அமைத்து, பதிவில் அடித்ததை அப்படியே மேடையிலும் அடிப்பார். அதனால் ரசிகர்களுக்கு அது மனப்பாடம். கச்சேரிகளின் வீடியோவைப் பாருங்கள், ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் ஆயிரக்கணக்கான சனம் வெறுங்கையால் காற்றில் அதே அடியை அடிக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரு அடி பிசகாமல். அதாவது அந்த மனுசனின் கை அசைவு இவர்களின் கைக்குள் ஏறிவிட்டது. மேசையில், பஸ் சீட்டின் முதுகில், தொடையில் வருஷக்கணக்காக அதை அடித்துப் பழகிய ஒருவனுக்கு, அந்த அடிகளை உண்டாக்கியவர் இல்லை என்ற செய்தி காதில் மட்டும் விழாது. அழுத கூட்டாளியிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்பாவோடு வாதாடவும் வேண்டாம். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருவார். தவில்காரர் இரண்டு பேர் மாறி மாறி அடித்துக் கூட்டம் அசையாமல் நிற்கிற இடத்தில் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "இதைத்தான் அப்பா சொன்னேன்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: நானா ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். காலால் தாளம் போடப் பார்த்தேன், நடுவில் வழுக்கிக்கொண்டே போகிறது. இது தாளமே இல்லாத இசையா? புரோகிரசிவ் ரொக் என்றால் என்ன?
– ஒரு மாணவர், கிண்ணியா

பதில்: தாளம் இருக்கிறது தம்பி, உங்கள் கால் நாலில் எண்ணுகிறது, பாட்டு ஏழிலோ ஐந்திலோ போகிறது. நம்முடைய காதுக்குப் பழகிய பாட்டுகள் பெரும்பாலும் நாலு, இல்லாவிட்டால் பைலாவின் ஆறு. புரோகிரசிவ் ரொக் என்பது 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு போக்கு. கிங் கிரிம்சன், யெஸ், ஜெனசிஸ் மாதிரியான குழுக்கள் ரொக் இசையின் கிட்டாரையும் ட்ரம்ஸையும் வைத்துக்கொண்டு, மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இருந்தும் ஜாஸில் இருந்தும் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து, மூன்று நிமிஷப் பாட்டு என்ற அளவை உடைத்து நீளமாகக் கட்டினார்கள். சில பேர் அளவுக்கு மீறிக் கட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ரஷ் கனடாவில் இருந்து வந்த மூன்று பேர். கெடி லீ பேஸ் கிட்டாரும் பாட்டும், கீபோர்டும் அவர்தான், காலால் கூட அடிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். பியர்ட் 1974 ஜூலையில் சேர்ந்தார். 1975இல் வந்த இசைத்தட்டு சரியாகப் போகவில்லை, சின்னச் சின்னப் பாட்டாக, வானொலியில் போடக்கூடியதாகத் தாருங்கள் என்று கம்பனி நெருக்கியது. இவர்கள் 1976இல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், இருபது நிமிஷத்தை, ஒரே கதைக்குக் கொடுத்தார்கள். அது விற்றது. அதற்குப் பிறகு கம்பனி இவர்கள் வழிக்கு வரவில்லை.

சரி, தாளத்துக்கு வருவோம். 1981இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில் பாட்டே இல்லாத, வெறும் வாத்தியத் துண்டு ஒன்று இருக்கிறது, பெயர் வை வை இசட். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கனடாவில் இருந்து வரும் சொந்தக்காரரின் சூட்கேஸில் தொங்குகிற சீட்டைப் பாருங்கள், ரொறன்ரோ விமான நிலையத்தின் மூன்றெழுத்து அதுதான். அங்கே விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோச் சைகை இந்த எழுத்துகளை மோர்ஸில், அதாவது நீண்ட ஒலியும் குறுகிய ஒலியுமாக எழுத்தைச் சொல்லும் தந்திக் குறியீட்டில், ஓயாமல் அனுப்பும், அந்தச் சத்தத்தைக் கேட்டு அதையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள். இனி நம்முடைய இலக்கணத்தால் எண்ணிப் பாருங்கள். மோர்ஸின் நீண்ட ஒலியை நெடில் என்றும் குறுகியதைக் குறில் என்றும் வையுங்கள், நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. வை என்ற எழுத்து: தா த தா தா. ஏழு மாத்திரை. மறுபடி வை, இன்னொரு ஏழு. இசட்: தா தா த த. ஆறு. கூட்டினால் இருபது, அதாவது ஐந்து எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு. (உண்மையான மோர்ஸில் நீண்ட ஒலி மூன்று பங்கு, இவர்கள் இசைக்கு வசதியாக இரண்டாக்கிக்கொண்டார்கள். நேவிக்காரர் எவரும் திருத்தக் கடிதம் போட வேண்டாம்.) கையால் ஐந்து போட்டுக்கொண்டு வாயால் "தா த தா தா, தா த தா தா, தா தா த த" என்று சொல்லிப் பாருங்கள். பத்துத் தடவை வழுக்கும், அப்புறம் பிடிபடும். தொடக்கத்தில் மணி போல ஒலிக்கிற சின்ன வெண்கலத் தட்டுகளில் பியர்ட் தனியாக அடிப்பது இதைத்தான்.

மிருதங்கம் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஏழில் போகிற மிஸ்ர சாபும் ஐந்தில் போகிற கண்ட சாபும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கதவு ஏற்கெனவே பாதி திறந்துதான் கிடக்கிறது, உள்ளே போகத்தான் ஆள் குறைவு.

கேள்வி: ஐயா, எனக்கு உங்கள் வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் தெரியாது. சண்டையில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. சுனாமியில் அக்காவின் பிள்ளை போனது. திதிக்குக் கோயிலுக்கு வா என்றால் என் மகன் வரமாட்டான், தலையிடி என்பான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குப் படம் வைத்து விளக்குக் கொளுத்துகிறான். அழுவதற்கு எங்களிடம் ஆட்கள் குறைவா? எனக்கு வயிறு எரிகிறது.
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: அக்கா, உங்கள் கோபத்தில் பிழை இல்லை. திதிக்கு அவன் வரத்தான் வேண்டும், அதை நான் சாட்டுச் சொல்லி மறைக்க மாட்டேன். ஆனால் விளக்கை ஊதி அணைக்க முதல் ஒன்றைக் கேளுங்கள்.

அந்த மனுசருக்கு செலினா என்று ஒரே மகள் இருந்தாள். 1997 ஆகஸ்ட் 10ஆம் திகதி, பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் கார் விபத்தில் இறந்தாள், 19 வயது. பத்து மாதம் கழித்து, 1998 ஜூனில், மனைவி புற்றுநோயில் போனார். மகளின் சாவீட்டிலேயே கூட்டாளிகள் இரண்டு பேரிடமும், நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெலிஸ் என்று 88,000 கிலோமீற்றர். எங்கே போகிறோம் என்று இல்லை, ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற இரண்டு பேரும் வேறு ட்ரம்மரைத் தேடவில்லை, எப்போது வருவாய் என்று நெருக்கவும் இல்லை. 2002இல்தான் ரஷ் மறுபடி இசைத்தட்டுப் போட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதினார், உங்கள் மகன் அதைப் படித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சுனாமி நாள் டிசம்பர் 26. இந்த மனுசரின் நாள் ஜனவரி 7. நடுவில் பன்னிரண்டு நாள். சில வீடுகளில் பெரியவர்கள் அழுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தச் சாவைத் தொட்டுக் கதைக்கவே பயம், தாங்களும் அழுதால் அம்மா இன்னும் உடைந்து போவார் என்று ஒதுங்கி நிற்கும். முன்பின் தெரியாத ஒருவருக்காக அழுவது அவர்களுக்குச் சுகம், ஒருவரையும் அது புண்படுத்தாது. உங்கள் மகன் விஷயத்தில் இது சரியா பிழையா என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணியோடு போய் இருந்து, யாரடா இந்த ஆள் என்று கேளுங்கள். கோபமாக இல்லாமல், தெரிந்துகொள்கிற மாதிரி. மகள் செத்த கதையை அவன் சொல்லுவான். அப்போது உங்கள் அக்காவின் பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை எப்படிச் சிரிக்கும், என்ன குழப்படி செய்யும் என்று. திதி, கோயில் எல்லாம் அதற்குப் பிறகு கதைக்கலாம்.

கேள்வி: 2015இல் கடைசிக் கச்சேரி, 2016இல் நோய், 2020இல் சாவு. இடையில் மூன்றரை வருஷம் ஒரு சொல் இல்லை. சாவுச் செய்தியைக் கூட மூன்று நாள் கழித்துத்தான் வெளியிட்டார்கள். ரசிகர்கள் இல்லாமல் அவர் ஏது? பிரியாவிடை சொல்ல ஒரு வாய்ப்புக் கூடத் தரவில்லையே, இது துரோகம் இல்லையா?
– ஒரு ரசிகர், லிங்கநகர்

பதில்: துரோகம் என்பது பெரிய சொல், இங்கே பொருந்தாது. அவருக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா, மூளையிலேயே தொடங்குகிற கட்டிகளில் மிக வேகமானது. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் கொடுத்தும் பாதிப் பேர் ஒன்றரை வருஷம் தாண்டுவதில்லை. அவர் மூன்றரை வருஷம் இருந்தார். வீட்டில் இரண்டாவது மனைவியும் 2009இல் பிறந்த ஒரு சின்ன மகளும். முதல் மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், மிச்சமிருக்கிற நாட்களை யாருக்குக் கொடுப்பார்? எனக்கும் உங்களுக்குமா?

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாரும் ஆஸ்பத்திரியில் படுத்தால், ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கையில் எடுத்துக்கொண்டு ஊரே போய் கட்டிலைச் சுற்றி நின்று "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்கும். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படுத்திருக்கிறவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக் களைத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரசிகர்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தால்?

அவர் இப்படித்தான் என்று முதலிலேயே சொல்லியும் இருந்தார். மேடை வெளிச்சத்தில் நிற்பது தன் இயல்பு இல்லை, அறிமுகமே இல்லாத ஒருவரை நெடுநாள் நண்பன் மாதிரிக் கட்டிக்கொள்ளத் தன்னால் முடியாது என்பதை 1981இலேயே பாட்டாக எழுதி, அந்தப் பாட்டைத்தான் நாமெல்லாம் கை தட்டிக் கேட்டோம். மற்ற இரண்டு பேரும் ரசிகர்களைச் சந்திப்பார்கள், இவர் கச்சேரி முடிந்ததும் கிளம்பிவிடுவார், ஊருக்கு ஊர் போவதும் பெரும்பாலும் தன் மோட்டார் சைக்கிளில்தான். கடைசி வரைக்கும் அந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, நாற்பது வருஷக் கூட்டு என்றால் அதுதான்.

பிரியாவிடை சொல்லவில்லை என்கிறீர்கள், சொன்னார். 2015 ஆகஸ்ட் 1, லொஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கு, கச்சேரி முடிகிற நேரம். கச்சேரி முடிந்தால் ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்தே எழும்பிப் போகிற மனுசன், அன்றைக்கு மேடையின் முன்பக்கம் வந்து கெடி லீயையும் லைஃப்சனையும் கட்டிப்பிடித்தார். வீடியோ இருக்கிறது. பாருங்கள்.

கேள்வி: உலகத்தின் மிகச் சிறந்த ட்ரம்மர் நீல் பியர்ட்தானே? எங்கள் வகுப்பில் ஒருத்தன் இல்லை என்கிறான்.
– ஒரு மாணவன், திருகோணமலை நகரம்

பதில்: அவனை விடுங்கள். பியர்ட் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

கேள்வி: இரண்டு வருஷமாக ட்ரம்ஸ் பழகுகிறேன். அவரைப் போல ஒருவர் இனி வரப்போவதில்லை, நான் அடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தால் குச்சியைத் தொடவே மனம் வருவதில்லை.
– ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, இந்த யோசனை சோகம் மாதிரித் தெரியும், பாதி சோம்பல். அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குத் தாய் தகப்பன் இரண்டு குச்சியும் ஒரு ரப்பர் பயிற்சித் தட்டும் வாங்கிக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள், ஒரு வருஷம் விடாமல் பழகினால்தான் செட் என்று சொல்லி. பழகினார், வாங்கிக் கொடுத்தார்கள். பதினெட்டு வயதில் பெரிய ஆளாக வருவேன் என்று லண்டனுக்குப் போனார், அங்கே ஒன்றும் சரிவரவில்லை, கடையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சாமான் விற்றுவிட்டுத் திரும்பி வந்து தகப்பனோடு விவசாய இயந்திரங்களின் உதிரிப்பாகக் கடையில் நின்றார். அங்கிருந்துதான் ரஷ்ஷுக்குப் போனார்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. 1990களின் நடுவில், நாற்பது வயது தாண்டி, விருதெல்லாம் வாங்கி, ஆயிரமாயிரம் பேர் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், ஃபிரெடி குரூபர் என்ற ஒரு வயதான ஆசிரியரிடம் போய் மாணவனாக இருந்தார். குச்சி பிடிக்கிற பிடியையே மாற்றினார். முப்பது வருஷப் பழக்கத்தை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி முதலில் இருந்து பழகுவது லேசான காரியம் இல்லை, நம்முடைய வித்துவான்மாரில் எத்தனை பேர் செய்வார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் யோசித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. போனில் ஒரு மெட்ரோனோமை, அதாவது சீராகத் தாளம் தட்டிக் காட்டுகிற செயலியை, இறக்கி நிமிஷத்துக்கு அறுபதில் வையுங்கள். "தகிட தகதிமி" என்று வாயால் சொல்லிக்கொண்டு வலது கை ஏழையும் அடிக்கட்டும், காலை முதல் எழுத்தில் மட்டும் போடுங்கள். அது தடுக்காமல் ஓடினதும் இடது கையை நாலாவது எழுத்தில் சேர்க்கலாம். வேகத்தைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: மாமா வீட்டுக்குக் கனடா போகிறேன். பியர்டின் நினைவாகப் போய்ப் பார்க்க அங்கே ஏதும் இடம் இருக்கிறதா? மாமா முப்பது வருஷமாக ஸ்காபரோவில் இருக்கிறார், அவருக்கு ஆளையே தெரியாது.
– ஒரு வாசகர், அன்புவழிபுரம்

பதில்: இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியின் தென்கரையில் செயின்ட் கதரின்ஸ் என்ற ஊர், அதில் போர்ட் டல்ஹௌசி என்ற பகுதியில்தான் அவர் வளர்ந்தார். அங்கே ஏரிக்கரையில் லேக்சைட் பார்க் இருக்கிறது, சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அவர் வேலை செய்த இடம். அங்குள்ள மண்டபம் ஒன்றுக்கு 2020இல் அவருடைய பெயரை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய குதிரை ராட்டினம் இருக்கிறது, இன்றைக்கும் 5 சதம்தான், ஆனால் கோடையில் மட்டும்தான் சுற்றும். ஸ்காபரோவில் இருந்து ஏரியைச் சுற்றிக் கொண்டு போக வேண்டும், வாகன நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வரும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நயாகராவுக்குப் போகிற வழி என்று சொன்னால் மறுக்க மாட்டார்.

போகிற வழியில் மாமாவுக்கு இதையும் சொல்லலாம். கெடி லீயின் பெற்றோர் போலந்துக்காரர்கள், நாஜி முகாம்களில் இருந்து உயிர் தப்பிக் கனடாவுக்கு வந்தவர்கள். லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவில் இருந்து வந்த செர்பியர்கள். இரண்டு பெடியங்களும் ரொறன்ரோவின் ஒரு புறநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை, பிள்ளை படித்து நல்ல உத்தியோகத்துக்குப் போகும் என்று காத்திருந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாமாவுக்கு விளங்கும்.

கேள்வி: கெடி லீயும் லைஃப்சனும் ரஷ் என்ற பெயரிலேயே மறுபடி கச்சேரி செய்யப் போகிறார்களாம். ட்ரம்ஸுக்கு ஒரு ஜெர்மன் பெண்பிள்ளை. நீல் பியர்டின் இருக்கையில் வேறொருவர் இருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை, அதுவும் ஒரு பெண். நாங்கள் சில பேர் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.
– சில ரசிகர்கள், தம்பலகாமம்

பதில்: முதலில் அந்த "அதுவும் ஒரு பெண்" என்பதை எடுத்து வெளியே போடுங்கள். அந்தப் பெண், அனிகா நில்லெஸ், இங்கிலாந்தின் பெரிய கிட்டார்க்காரர் ஜெஃப் பெக்கோடு மேடையேறியவர், மறைந்த பெக் யாரையும் சும்மா பக்கத்தில் வைத்துக்கொண்டவர் இல்லை. அவர் அடிப்பதைக் கேட்டுவிட்டுக் கதையுங்கள்.

மற்ற விஷயத்தில் உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. 1974இல் இருந்து 2015 வரை ஒரே மூன்று பேர், ஆள் மாறவே இல்லை, அப்படி ஒரு குழுவில் இன்னொரு முகத்தைப் பார்க்கக் கண் கூசத்தான் செய்யும். ஆனால் 2025 ஒக்டோபரில் இந்த அறிவிப்பு வந்தபோது பியர்டின் மனைவியும் மகளும் சேர்ந்தே வரவேற்று அறிக்கை விட்டார்கள். அவர்களுக்கு இல்லாத மனத்தாங்கல் தம்பலகாமத்தில் இருப்பது கொஞ்சம் அதிகம். முதல் கச்சேரி 2026 ஜூனில், அதே லொஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது, கூட்டாளி இல்லாமல் அந்தப் பாட்டுகளை அடிக்கப் போவது அவர்களுக்கும் லேசாக இருக்காது. கேட்க மாட்டோம் என்றால் கேட்காதீர்கள், பழைய இசைத்தட்டுகள் எங்கேயும் போய்விடாது. ஆனால் அந்தப் பெண்ணின் வீடியோக்களுக்குக் கீழே போய் வாயில் வந்ததை எழுதாதீர்கள், சில பேர் எழுதுகிறார்கள், அது பியர்டுக்குச் செய்கிற மரியாதை என்று வேறு நினைக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த ஜனவரி 7ஆம் திகதி உப்புவெளிக் கடற்கரையில் இரவல் ட்ரம்ஸ் செட்டை வைத்து அஞ்சலி நிகழ்ச்சி செய்ய யோசிக்கிறோம். இரவு விடிய விடிய. ஆலோசனை சொல்லுங்கள்.
– ரசிகர்கள் சார்பாக, உப்புவெளி

பதில்: திகதியை மாற்றுங்கள். ஜனவரி முதல் வாரம் நமக்கு மாரி, வாடைக் காற்று, கடல் கொந்தளித்துக்கொண்டு இருக்கும், மழை வந்தால் மின்சார வயரோடு மணலில் நின்று என்ன செய்வீர்கள்? மார்கழி வேறு, அதிகாலையில் கோயில்களில் பூசை நடக்கிற நேரத்தில் நீங்கள் ட்ரம்ஸ் அடித்தால் அஞ்சலிக்கு வந்த கூட்டத்தை விடச் சண்டைக்கு வந்த கூட்டம் பெரிதாக இருக்கும். அவருடைய பிறந்தநாள் செப்டம்பர் 12. அப்போது வானம் வெளித்திருக்கும், கடல் தகடாகக் கிடக்கும், கச்சான் காற்றும் பின்னேரத்துக்குப் பிறகு அடங்கிவிடும். விடிய விடிய வேண்டாம், பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடியுங்கள். பொலிஸ் அனுமதி, பிரதேச சபை அனுமதி இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் எடுங்கள், வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். கரைவலைக்காரர் தோணி இழுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள், அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லி வையுங்கள்.

செட்டை மணலில் நேரே வைக்காதீர்கள். பேஸ் ட்ரம்மின் பெடல் நாலு தரம் அடித்ததுமே புதைந்துவிடும், ஸ்டாண்டுகள் சரியும். கீழே தடித்த பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் பழைய பாயையோ கார்பெட்டையோ விரியுங்கள். சிம்பல் தட்டு வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் கலந்தது, கடற்காற்றின் உப்புப் பட்டால் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இரவல் செட் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோன உடனே, விடிந்ததும் பார்க்கலாம் என்று விடாமல், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சிம்பலையும் ஸ்டாண்டுகளையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள். நட்டு போல்ட்டுகளையும் மறக்க வேண்டாம், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.